துணைக்கால்

போன வாரம் நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. ஏதோ ஓர் ஊர்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பென்சிலால் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். தப்பான எழுத்தைச் சுற்றி வட்டம், வாக்கியத்துக்கு அடியில் அலைக்கோடு. ‘நம்ம பாண்டிச்சேரி டீச்சர் அப்பவே செஞ்சாங்க’ என்று ஒருவர் போட்டார். அவ்வளவுதான், கும்பிடுகிற கைகளும் ரோஜாப்பூக்களும் ‘அந்தக் காலம் வருமா’ என்கிற பெருமூச்சுகளுமாக மத்தியானம் வரை பொழிந்து தள்ளினீர்கள். நான் ஒன்றும் போடாததைக் கவனித்து, ‘துபாய்க்காரர் தூங்குறாரா?’ என்று கேட்டவரும் உங்களில் ஒருவர்தான்.

தூங்கவில்லை. வெட்கமாக இருந்தது. கண்ணாடி போடாமல் எழுத்து தெரியாத வயதில், மூன்றாம் வகுப்பை நினைத்து ஒருவன் வெட்கப்படுவானா என்று கேட்பீர்கள். படுகிறானே, என்ன செய்ய. துபாய்ப் பக்கமே போகாத எனக்குத் துபாய்க்காரன் என்று பெயர் வந்த கதை உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துக்குள் நடந்த பாதி தெரியும். வீட்டுக்குள் நடந்த பாதி தெரியாது. அதைச் சொல்கிறேன்.

வாப்பா காரைக்கால் டவுனை விட்டு வரிச்சிக்குடி பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை போட்டதால்தான் நான் உங்களோடு படிக்க வந்தேன். வகுப்பில் அம்மா அப்பாவை உம்மா, வாப்பா என்று சொல்கிற வீட்டுப் பிள்ளை நான் ஒருவன்தான். எனக்கு மூத்தவர் ஒருவர், துபாயில் வேலை. எங்கள் வீட்டில் அண்ணனை ‘நானா’ என்போம். இந்தச் சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வினையும் இதில்தான் இருக்கிறது.

டீச்சர் அந்த மழைக்காலத்தில் வந்தார்கள். பாண்டிச்சேரிக்காரர்களுக்குக் காரைக்கால் போஸ்டிங் என்றால் நாடு கடத்தியது போல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் எல்லையிலிருக்கிற பூவத்தைத் தாண்டின பிறகுதான் முகத்தில் சிரிப்பு வரும் என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் கேலி பேசுவார்கள். இந்த டீச்சர் அப்படியில்லை. முதல் நாளே ஒரு கட்டுப் பச்சைப் பென்சிலை மேசைமேல் வைத்தார்கள். சிவப்புப் பேனாவால் திருத்தினால் பிள்ளைக்குப் பயம் வருமாம், இனி ஒருவர் எழுதியதை ஒருவர் பச்சையால் திருத்தவேண்டுமாம். வாத்தியார் வேலையை நமக்கே கொடுத்துவிட்டார்கள் என்று நாம் துள்ளிய துள்ளல் இருக்கிறதே!

முதல் தடவை படிக்கும்போது எழுத்தை மட்டும் பார்க்கவேண்டும். தப்பு என்றால் வட்டம். இரண்டாம் தடவை புள்ளியும் கமாவும். விட்டிருந்தால் அங்கே குட்டி முக்கோணம். மூன்றாம் தடவை வாக்கியம். எழுவாயும் பயனிலையும் ஒட்டாவிட்டால் அடியில் அலைக்கோடு. ‘பல்லிக்கூடம்’ என்று எழுதிய ஒருவனிடம், “எத்தனை பல்லிப்பா இருக்கு அங்க?” என்று டீச்சர் கேட்டது நினைவிருக்கிறதா? ‘தம்பி நாய் துரத்துகிறது’ என்று பலகையில் எழுதி, ஒரு கமா போடாவிட்டால் தம்பியே நாயாகிவிடுவான் என்று காட்டினார்கள். அடுத்த ஒரு வாரம் நம் வகுப்பில் தம்பி உள்ள எவனும் நிம்மதியாக இருக்கவில்லை. “நான்னா ஏன், நாம்னா ஓம், நீன்னா ஆய், அவர்னா ஆர்” என்று வினை விகுதிகளை வாய்ப்பாடு மாதிரி கத்துவோம். வெளியே வயலில் தண்ணீர் ததும்பி நிற்கும். நோட்டுத் தாள் எல்லாம் ஈரவாடை அடிக்கும். பச்சைப் பென்சில் நமுத்த தாளில் ஏறாமல் வழுக்கும், நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதி எல்லோர் உதடும் பச்சையாக இருக்கும்.

இன்னொரு சட்டமும் இருந்தது. உன் நோட்டை இன்னொருவர் திருத்தும்போது நீ வாய் திறக்கக் கூடாது. “நீ பக்கத்துல நின்னு விளக்கம் சொல்லிட்டே இருப்பியா? உன் எழுத்துதான் பேசணும்” என்பார்கள் டீச்சர். நல்ல சட்டம்தான், ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் எழுத்து பேசுகிற மொழி திருத்துகிறவருக்குத் தெரிந்திருக்கவேண்டும் அல்லவா?

முதல் அடி ‘உம்மா’வில் விழுந்தது. ‘பெருநாளுக்கு உம்மா எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார்கள்’ என்று எழுதியிருந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து என் நோட்டைத் திருத்தியவள் (நீதான், ஒளியாதே) அதைச் சத்தமாகப் படித்தாள். ‘உம்மா எல்லோருக்கும்’ என்பதோடு வகுப்பு மீதியைக் கேட்கவில்லை. பெஞ்சு பெஞ்சாக முத்தச் சத்தம் கிளம்பியது. என் வீட்டுக்கு வந்து உம்மா கையால் தேத்தண்ணி குடித்தவர்களும் சேர்ந்துதான் கத்தினீர்கள். டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “அம்மான்னு எழுதுப்பா” என்றார்கள். அந்தச் சொல்லைச் சுற்றி விழுந்த பச்சை வட்டத்தை நான் இன்னும் பார்க்கிறேன். காது மடல் கொதித்தது. வீட்டுக்குப் போனதும் உம்மா பிசைந்து கொடுத்த சோற்றைக்கூட முகம் பார்த்து வாங்க முடியவில்லை. எங்கள் வீட்டில் ஏதோ தப்பாக இருக்கிறது என்று அன்றுதான் முதல்முதலில் எனக்குத் தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் நானா லீவில் வந்தார். பெட்டியைத் திறந்தால் கற்பூரமும் சோப்பும் கலந்த ஒரு வாசனை வீடு முழுக்கப் பரவும். எனக்கு வாசனை ரப்பர் ஒன்று கொண்டுவந்தார். பாதி சிவப்பு, பாதி வெள்ளை, பழ வாசனை. அதைக் கடித்துப் பார்க்காதவன் நம் வகுப்பில் உண்டா? நானா துபாயில் ஆஸ்பத்திரி ஸ்டோரில் வேலை பார்க்கிறார் என்பதுதான் வீட்டுக்குத் தெரிந்தது. கடையில் உப்பு வாங்க வருகிறவரிடம்கூட வாப்பா அதைச் சொல்லாமல் அனுப்பமாட்டார். “மருந்தெல்லாம் அவன் கையெழுத்தில்லாம வெளிய போவாது” என்று தானாக ஒரு முழம் சேர்த்துக்கொள்வார். டவுனில் ஒரு நல்ல குடும்பத்தில் நானாவுக்குப் பெண் பேசிக்கொண்டிருந்தார்கள்.

நானாவின் கைகள் மட்டும் ஒரு மாதிரி இருந்தன. விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்து, நகத்தைச் சுற்றி வெடித்திருக்கும். “அந்த ஊரு தண்ணி ஒத்துக்கல, பாவம்” என்று உம்மா தினமும் தேங்காயெண்ணெய் தேய்த்துவிடுவார்கள். நானா கையை நீட்டிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் காலையில் மீன் வாங்கக் கருக்களாச்சேரிக்கு மொபட்டில் என்னையும் கூட்டிப் போனார். படகுகள் அப்போதுதான் கரையேறியிருந்தன. ஏலம் போட்ட சிமெண்டுத் தரையில் ஒருவர் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். நானா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சிரித்துக்கொண்டு, “முன்னால நடந்து தள்ளுறாரு பாரு. அவரு கால் தடத்த அவரே போட்டுக்கிட்டுப் போறாரு. பின்னால நடந்துதான் தொடைக்கணும்” என்றார்.

“ஒங்களுக்கு எப்படி நானா தெரியும்?”

நானா கையை மூடித் திறந்தார். அப்புறம் சொல்லிவிட்டார். ஸ்டோர் வேலை என்று கூட்டிப்போன ஏஜெண்ட் அங்கே போனதும் துடைப்பத்தைக் கொடுத்துவிட்டானாம். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார், கக்கூஸ் கழுவுகிறார். கையில் பட்டது ஊர்த் தண்ணீர் இல்லை, மருந்துத் தண்ணீர். “வாப்பா ஊர் பூரா சொல்லி வெச்சிருக்காஹ. இப்பப் போயி எப்படிச் சொல்றது? கல்யாணப் பேச்சு முடியட்டும், நானே சொல்லிக்கிறேன். நீ யார்ட்டயும் சொல்லிடாத, என்ன?” என்றார்.

தலையாட்டினேன். இதை நீங்கள் நம்பவேண்டும்: அப்போது எனக்கு அதில் கேவலமாக ஒன்றுமே படவில்லை. பின்னால் நடந்து துடைக்கிறது என்பது எனக்கு ஒரு வித்தையாகத் தெரிந்தது. அன்று சாயங்காலமே எங்கள் கடை வாசலை ஈரச்சாக்கால் பின்னால் நடந்து துடைத்து, அரிசி மூட்டையில் இடித்து விழுந்து வாப்பாவிடம் திட்டு வாங்கினேன்.

அடுத்த வாரம் டீச்சர், ‘உழைப்பவர் ஒருவர்’ என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். “எல்லாரும் உழவர் உழவர்னு எழுதாதீங்க. உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒருத்தரைப் பத்தி எழுதுங்க” என்றார்கள். எனக்கு மட்டும் தெரிந்தவர் வேறு யார்? சொல்லாதே என்றுதான் நானா சொன்னார், எழுதாதே என்று சொல்லவில்லையே என்று என் மூளை வேலை செய்ததோ என்னவோ. மழை ஓட்டில் இரைகிற சத்தத்தில் குனிந்து எழுதினேன். ‘நானா துபாயில் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறார். நானா பின்னால் நடப்பார்.’ இப்படியே ஒரு பக்கம்.

நோட்டு பக்கத்து இருக்கைக்குப் போனது. அவள் முதல் வரியிலேயே நின்றுவிட்டாள்.

“நானுக்கு எதுக்குடா கால் போட்டிருக்கே?” என்று கிசுகிசுத்தாள்.

எனக்கு வாய் திறக்க அனுமதியில்லை. அவள் ‘நானா’வின் கடைசித் துணைக்காலைச் சுற்றி வட்டம் போட்டாள். அடுத்த வரியில் இன்னொரு வட்டம். பக்கம் முழுக்கப் பச்சை வட்டங்கள். மூன்றாம் தடவை படிக்கும்போது, ‘துடைக்கிறார்’ என்பதற்கு அடியில் அலைக்கோடு. நான் என்றால் ஏன்! எவ்வளவு கவனமாகச் செய்தாள் தெரியுமா, ஒன்றுகூட விடவில்லை. ‘துடைக்கிறேன்’, ‘நடப்பேன்’ என்று ஓரத்தில் அழகாக எழுதியும் காட்டினாள். அவள்மேல் எந்தத் தப்பும் கிடையாது. சொல்லிக்கொடுத்தபடி செய்தாள்.

டீச்சரிடம் போய் விளக்கம் சொல்லலாம். ஆனால் வகுப்பு நடுவே எழுந்து நின்று, ‘நானா’ என்று சத்தமாகச் சொல்லவேண்டும். உம்மாவுக்கு வந்த சத்தம் காதில் இருந்தது. அப்போதுதான் கருக்களாச்சேரியில் தலையாட்டியதும் நினைவுக்கு வந்தது. எழுதித் தொலைத்துவிட்டேனே! பிறகு அந்த வட்டங்களைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. இந்தக் காலை எடுத்துவிட்டால் இது நானாவைப் பற்றியதே இல்லை. நானா கொடுத்த வாசனை ரப்பராலேயே ஒவ்வொரு காலாக அழித்து, ‘ன’வுக்குப் புள்ளி வைத்தேன். தாள் கிழியாமல் மெதுவாகத் தேய்த்தேன். பழ வாசனை அடித்தது.

டீச்சர் படித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. “பாருங்க பிள்ளைகளா, எல்லாரும் அவர் செய்யறார், இவர் செய்யறார்னு எழுதினீங்க. இவன் தன்னையே ஒரு தொழிலாளியா நினைச்சு எழுதியிருக்கான்!” என்றார்கள். எட்டு வயதில் எனக்கு இவ்வளவு கற்பனை வந்ததே என்று அவர்களுக்கு ஆச்சரியம். வாக்கியங்களைச் சீராக்கி, கக்கூஸைக் கழிப்பறை ஆக்கினார்கள். உம்மாவை நானே அம்மா ஆக்கியிருந்தேன். பெற்றோர் தினத்தில் கல்வித் துறை அதிகாரிக்கு முன்னால் நான் அதைப் படிக்கவேண்டும் என்று முடிவாயிற்று. அன்றிலிருந்துதான் நீங்கள் என்னைத் துபாய்க்காரன் என்று கூப்பிட ஆரம்பித்தீர்கள்.

நானாவிடம் சொல்லியிருக்கலாம். பயமாக இருந்தது, சொல்லவில்லை. கூட்டத்துக்கு வாப்பா வரமாட்டார், கடையை விட்டு எங்கே வருகிறார் என்று நினைத்தேன். அன்றைக்கென்று பெண்ணின் மாமா வீடு பார்க்க வந்துவிட்டார். கண்ணாடி போட்ட, அதிர்ந்து பேசாத மனிதர். வாப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. “சின்னவன் மைக்குல பேசுறான், வாங்களேன், ஒரு எட்டு பாத்துட்டு வந்துடலாம்” என்று அவரையும் நானாவையும் கூட்டிக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். உம்மா வீட்டில் விருந்துக்குக் கறி ஆக்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் மேடை ஏறியதும் முன் வரிசையைப் பார்த்தேன். வேறு வழியில்லை, படித்தேன்.

“நான் துபாயில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். நான் தரை துடைக்கிறேன். நான் கழிப்பறை கழுவுகிறேன். துடைக்கும்போது பின்னால் நடப்பேன். முன்னால் நடந்தால் என் காலடி தரையில் விழும். மருந்துத் தண்ணீர் பட்டு என் கைத்தோல் உரிந்துவிட்டது. அந்த ஊர்த் தண்ணீர் என்று நினைத்து என் அம்மா எண்ணெய் தேய்த்துவிடுகிறார்.”

ஓட்டில் மழை இல்லை, பந்தலில் காற்று இல்லை, மைக் அப்படியே எல்லோர் காதிலும் கொண்டுபோய் வைத்தது. கூட்டம் கை தட்டியது. வாப்பா சத்தமாகச் சிரித்தார். அவருக்கு அந்த எண்ணெய் வரி உறைக்கவே இல்லை. பெண்ணின் மாமா பக்கம் சாய்ந்து, “என்னா கற்பனை பாத்தீங்களா! நம்ம வூட்டுல கக்கூஸ் கழுவ எவன் போகப்போறான்?” என்றார். மேடைக்கே கேட்டது.

நானா மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சருக்குத் தன் முறையை அதிகாரிக்குக் காட்டவேண்டும். வகுப்பில் கேட்பது போலவே மைக்கில் கேட்டார்கள். “இதுல ஏதாவது பிழை உண்டா?”

“இல்ல டீச்சர்!” என்று நீங்கள் எல்லோரும் கத்தினீர்கள்.

“இருக்குங்க டீச்சர்” என்று ஒரு குரல். நானா எழுந்து நின்றிருந்தார். “ஒரே ஒரு பிழை. நான்னு வர்ற எடத்துலயெல்லாம் ஒரு கால் விட்டுப்போச்சு. அவன் நானான்னுதான் எழுதியிருப்பான். எங்கள்ல அண்ணனை அப்படித்தான் கூப்புடுவோம். அவன் நானா நான்தான். அந்த வேலை பாக்குறதும் நான்தான்.”

சிலர் சிரித்தீர்கள். வேடிக்கை என்று நினைத்திருப்பீர்கள். வாப்பாவும் ஒரு சிரிப்புச் சிரித்து, “சும்மா வெளையாடுறான்” என்று நானாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். நானா உட்காரவில்லை. வாப்பாவின் சிரிப்பு முகத்திலிருந்து போவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அது போன பிறகு அங்கே இருந்த முகத்தைப் பார்த்துத்தான், தரை துடைப்பது கேவலம் என்று நான் கற்றுக்கொண்டேன். அதற்குமுன் எனக்குத் தெரியாது. மேடையில் தாளோடு நின்றுகொண்டு என் நானாவைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். அந்த வெட்கம் எனக்குள் இறங்கியதை உடம்பில் உணர்ந்தேன்.

பெண்ணின் மாமா விருந்துக்கு நிற்கவில்லை. கிளம்பும்போது நானாவுக்குக் கை கொடுத்தவர் உடனே விடாமல், அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டொரு நாளில் சொல்லி அனுப்பினார்கள்: வேலை ஒரு பெரிய விஷயமில்லை, மறைத்ததுதான் மனசுக்குச் சங்கடமாக இருக்கிறது என்று. ஊராரிடம் வாப்பா, ஜாதகம் பார்க்காத எங்கள் சனத்தில் ஜாதகம் சரியில்லை என்று சொல்லாத குறையாக என்னென்னவோ காரணம் சொன்னார். நானாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். என்னிடம், “ஒனக்கு எழுத வேற ஒண்ணுமே கெடைக்கலியா?” என்று ஒரே ஒரு முறை கேட்டார். உம்மா வழக்கம்போல எண்ணெய் தேய்த்துவிட்டார்கள். ஊர்த் தண்ணீரைத் திட்டுவதை மட்டும் விட்டுவிட்டார்கள். லீவு முடிவதற்குள்ளேயே நானா கிளம்பிப் போய்விட்டார்.

நானா இப்போது எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பிறகு நல்ல இடத்தில் நிக்காஹ் ஆகி, பேரன் பேத்தி எடுத்துவிட்டார். அவர் என்மேல் அன்றும் கோபப்படவில்லை, இன்றும் இல்லை. அதைப் பற்றி நாங்கள் பேசியதும் இல்லை.

பள்ளிக்கூடத்தில் உங்களில் சிலர் எனக்கு வைத்த இன்னொரு பெயரை இங்கே எழுத மாட்டேன். நானாவையும் கக்கூஸையும் சேர்த்து வைத்த பெயர் அது. வைத்தவர்களுக்கு மறந்திருக்கும். அதைக் கேட்டுவிட்டு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். அவர்கள் கண் கலங்கியிருந்தது. “எனக்கு அந்த வார்த்தை தெரியாதுப்பா. இனிமே அண்ணன்னு எழுது, அண்ணன்னே சொல்லு. யாருக்கும் குழப்பம் வராது, உன்னையும் யாரும் கேலி பண்ண மாட்டாங்க” என்றார்கள். நல்ல மனசோடுதான் சொன்னார்கள். எனக்கும் ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்தது போலிருந்தது. அண்ணன், அண்ணன் என்று வாய்க்குள் சொல்லிப் பழகினேன். வீட்டுச் சொல் ஒவ்வொன்றையும் சுற்றிப் பள்ளிக்கூடத்துக்கு வெளியிலும் மனசுக்குள் வட்டம் போட ஆரம்பித்தேன்.

தை மாதம், நானா ஒரு வெள்ளிக்கிழமை போன் செய்வதாகத் தகவல் வந்தது. அவர் போனபின் முதல் போன். அப்போது நம் பக்கத்தில் போன் இருந்தது உரக்கடையில் மட்டும்தான். ஜும்மா தொழுகை முடிந்த கையோடு உம்மா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வாப்பா வரவில்லை. அறுவடை நேரம், உரக்கடையில் கூட்டம். நம் வகுப்புக்காரர்கள் இருவர் தங்கள் அப்பாக்களோடு சாக்கு வாங்க வந்து நின்றார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவனையொருவன் இடித்துக்கொண்டார்கள்.

உம்மாவுக்கு என்ன பேசவேண்டும் என்று வழியெல்லாம் ஒரு பட்டியலே இருந்தது. கை ஆறிவிட்டதா, நேரத்துக்குப் பசியாறுகிறானா, வாப்பா ராத்திரி தூங்காமல் புரள்கிறார், கோபமெல்லாம் வெளியே மட்டும்தான் என்று எப்படியாவது சொல்லிவிடவேண்டும். மணி அடித்ததும் என்னை முன்னால் தள்ளினார்கள். “நீ மொதல்ல எடு. நானாதானான்னு பாரு” என்றார்கள்.

எடுத்தேன். கரகரவென்று இரைச்சல். தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, “ஹலோ… ஹலோ…” என்றார் நானா. அவரேதான்.

கடையில் எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள். அந்த இருவரும் பார்த்தார்கள்.

“அண்ணன்,” என்றேன். “நல்லா இருக்கீங்களா, அண்ணன்?”

இரைச்சல் மட்டும் வந்தது.

“யாருங்க பேசுறது?” என்றார் நானா.

“நான்தான், அண்ணன்.”

மறுபடியும் இரைச்சல். பிறகு, தெரியாத ஆளிடம் பேசுகிற மரியாதையோடு, “ராங் நம்பர் போலிருக்குங்க. மன்னிச்சுக்கங்க” என்றார். தொடர்பு அறுந்தது.

பிறந்ததிலிருந்து நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதில்லை. அந்த இரைச்சலில் நிஜமாகவே யார் வீட்டுக்கோ போன் போய்விட்டது என்று நினைத்தாரா, இல்லை, என் குரல் தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. இவ்வளவு வருஷமாகக் கேட்கவும் இல்லை. எது பதிலாக வந்தாலும் என்னால் தாங்க முடியாது.

உம்மா பக்கத்தில் கையை நீட்டியபடி நின்றார்கள். “குடு, குடு. நானாதானே?”

அந்த இருவரும் இன்னும் அங்கேதான் நின்றார்கள்.

“இல்ல,” என்றேன். “வேற யாரோ. ராங் நம்பராம்.”

“அப்படியா” என்றார்கள் உம்மா. நீட்டிய கையைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டார்கள். உரக்கடைக்காரர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, போனைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். சாயங்காலம் பள்ளிவாசலில் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் எழுந்தார்கள். “எம் புள்ள கூப்புட்டா ஆள் அனுப்புங்க தம்பி, எந்நேரமானாலும் ஓடியாந்துடுறேன்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள்.